சின்ன எரிவாயு உலையும் குளவிக் கூடும்: நான்கு வருட அனுபவம்

ஒட்டுசுட்டானில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சில வாரங்களுக்கு முன்பு தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, உங்களிடம் இருக்கிற மாதிரி ஒரு எரிவாயு உலை நானும் வாங்கட்டுமா? விலை இறங்கியிருக்கிறதாம்." அவர் கேட்ட நேரம் சரியில்லை. எரிந்துபோன ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தேன். இடது மணிக்கட்டில் கட்டு. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டேன். நான்கு வருடம் உலோகம் உருக்கித் தந்து எனக்குச் சோறு போட்ட சாமானுக்கு அது நியாயமான பதிலா என்று இரவெல்லாம் மனம் உறுத்தியது. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

என் பட்டறை கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே. நீரிறைக்கும் இயந்திரத்தில் நீரைத் தள்ளும் இம்பெலர், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கான கப்பி, சின்னச் சின்ன அலுமினிய வார்ப்புகள், இவைதான் வேலை. சிறுபோக நெற்செய்கை தொடங்கும் சித்திரையில் மூச்சுவிட நேரமிருக்காது. முன்பு கரி உலைதான். நல்ல கரிக்கு அலைய வேண்டும், ஊதுகாற்றுக்கு ஓர் ஆள் வேண்டும், புகை கண்ணைப் பறிக்கும். இந்த உலை வந்த பிறகு முதல் தடவை உலோகத்தை உருக்குவது இருபது நிமிடத்தில் முடிகிறது. உள்சுவர் சூடேறிய பிறகு அடுத்தடுத்த தடவைகளுக்குப் பத்து நிமிடம் போதும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இந்த உலைக்கு அது பெரிய வேலையே இல்லை. பெட்டியில் 'ஆறு கிலோ' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது செம்புக்குச் சொன்ன கணக்கு. அலுமினியத்தில் இரண்டு கிலோகூடப் பிடிக்காது.

எதிர்பாராத சந்தோஷம், இதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான். வட்டக்கச்சிப் பக்கம் ஒரு பழைய நெல் ஆலையில் இயந்திரத்தை இடத்தைவிட்டு அசைக்க முடியாது, சுழல்தண்டைத் தாங்கும் தாங்கியின், எளிதில் உருகும் வெள்ளை உலோகப் பூச்சு தேய்ந்துவிட்டது. உலையையும் சிலிண்டரையும் லான்ட்மாஸ்டர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஆலை முற்றத்திலேயே உருக்கி ஊற்றிக் கொடுத்தேன். மாலை நாலு மணிக்கு ஆலை ஓடியது. வரிசையில் மூட்டையோடு நின்ற சனத்தின் முகத்தைப் பார்த்தபோது இந்த உலைக்குக் கொடுத்த காசு அன்றே திரும்பிவிட்டதாக நினைத்தேன்.

இவ்வளவு நல்ல உலை என் கையைச் சுட்டதற்குக் காரணம் குளவி.

காலபோக அறுவடை நேரத்தில் ஐந்தாறு கிழமை உலையைத் தொடவில்லை. பங்குனியில் ஒருநாள் வழக்கம்போல் மூடியைத் திறந்து, எரியும் கடதாசியை உள்ளே போட்டு, ஒதுங்கி நின்று வாயுவைத் திறந்தேன். எப்போதும் கேட்கும் அந்த இரைச்சல் வரவில்லை. இருமுவது போல் ஒரு சத்தம். அடுத்த கணம், உலைக்குள் எரிய வேண்டிய நெருப்பு பர்னரின் பின்பக்கக் காற்றுத் துளைகளில் மஞ்சளாக எரிந்தது. ரப்பர்க் குழாய் தொடங்கும் இடம் அது. கையை உதறிக்கொண்டே ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடினேன். சிலிண்டர் பத்தடி தள்ளி நின்றதால்தான் அதை மூட முடிந்தது. உலைக்கு அருகிலேயே வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசுகிறது. மணிக்கட்டை இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்திருந்தேன்.

பர்னர் ஆறிய பிறகு கழற்றிக் குழலைத் தட்டினேன். சுண்டுவிரல் அளவு மண்கட்டி விழுந்தது. உடைத்தால் உள்ளே சிலந்திகள், வரிசையாக. தன் குஞ்சுக்கென்று குளவி சேர்த்து வைத்த சாப்பாடு.

சிறிய துவாரத்தால் சீறி வரும் வாயு, பக்கத்துத் துளைகளால் காற்றைத் தானே இழுத்துக்கொண்டு குழலுக்குள் ஓட வேண்டும். குழல் அடைபட்டால் வாயுவுக்குப் போக வழியில்லை, காற்றுத் துளைகளாலேயே பின்வாங்கி வெளியே வரும், அங்கேயே பற்றும். வெளிநாடுகளில் விற்கிற இறைச்சி வாட்டும் எரிவாயு அடுப்புகளின் கையேட்டில்கூட, பர்னர்க் குழலில் சிலந்தியும் குளவியும் கூடு கட்டும், பார்த்துச் சுத்தம் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். என் உலையோடு வந்த தாளில் நாலு வரி. அதில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு மூடி செய்து கொடுக்க எவ்வளவு செலவாகும்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை சுற்றினேன். வலையில் தூசு பிடித்துக் காற்றுக் குறைந்தது, சுவாலை மஞ்சளாகிக் கரி கக்கியது. வலையைப் பிய்த்து எறிந்தேன். பிறகு துணி அடைப்பு. அடைப்பை எடுக்க மறந்து பற்றவைத்தால் அதுவும் ஆபத்துத்தானே. இப்போது பர்னரைக் கழற்றித் துணிப்பையில் கட்டி வைக்கிறேன். பையின் சிவப்பு நாடாவின் மறுமுனையைச் சிலிண்டர் வால்வில் சுற்றிவிடுகிறேன், நாடாவை அவிழ்க்காமல் வாயுவைத் திறக்க முடியாது. அப்படியும் ரெகுலேட்டரின் மூச்சுத்துளையில் ஒருநாள் ஈரமண் ஒட்டியிருந்தது. அந்தத் துளை அடைபட்டால் வாயுவின் அமுக்கம் கட்டுப்பாட்டில் நிற்காது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. "வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் குளவிக் கூட்டை உடைக்கலாமா மகன்?" என்று கேட்டார். வீட்டுச் சுவரில் இருக்கும் கூடுகளை நான் தொடுவதில்லை அம்மா, நெருப்புக் குழலில் கட்டினால் விட்டுவைக்க முடியாது என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வருத்தமாகத்தான் இருந்தது.

மற்றக் குறைகள் எனக்குப் பழகிவிட்டன. நமக்குக் கிடைக்கும் சிலிண்டரில் தனிப் புரொப்பேன் இல்லை, பியூட்டேனும் கலந்தே வருகிறது. 2021 இறுதியில் வீட்டு அடுப்புகள் வெடித்தபோது அந்தக் கலவை விகிதம் பற்றி நாடே பேசியது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து வாயுவாகும், பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டித்தான். ஆகவே புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விட, கடைசிக் காற்பங்கில் சுவாலை சோரும். தொடர்ந்து எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும். அப்போது சாதாரணத் தண்ணீர் நிறைந்த அகன்ற வாளியில் நிமிர்த்தி வைத்தால் போதும். நெருப்புக் காட்டிச் சூடேற்றிய ஒருவரை நானே கண்டு கத்தியிருக்கிறேன். 2022இல் எரிவாயுவே இல்லாமல் மாதக்கணக்கில் கரிக்குத் திரும்பினேன், அதற்கு உலையைக் குற்றம் சொல்ல முடியாது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுவாலை அணையும். அணைந்தால் உடனே பற்றவைக்காமல் வாயுவை மூடி, மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் ஒவ்வொரு நாளும் பூசிப் பார்க்கிறேன். உள்சுவரில் இருக்கும் வெப்பம் தாங்கும் பஞ்சின் மேல் தீக்களிமண் பூச்சு உரிந்தால், முகமூடி போட்டுக்கொண்டு திரும்பப் பூச வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

உலையைவிடப் பெரிய ஆபத்து உலைக்குள் போடுவதில் இருக்கிறது. மாரியில் நனைந்த உலோகத் துண்டை உருகிய அலுமினியத்துக்குள் போட்டால் தண்ணீர் கணத்தில் ஆவியாகி ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேல் விரியும், உலோகம் மூசையிலிருந்து, அதாவது உருக்கும் பாத்திரத்திலிருந்து, கூரைக்குப் பாயும். ஆகவே எல்லாத் துண்டையும் மூடிமேல் வைத்துக் காயவிடுகிறேன். சீமெந்துத் தரைக்கு மேலே உலர்ந்த மணல் பரப்பித்தான் ஊற்றுகிறேன். அதைவிட, போர் நடந்த நம் மண்ணில் பழைய உலோகச் சாக்கைக் கொட்டும்போது என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய குழல், ஷாக் அப்சோர்பர், இன்னதென்று அடையாளம் தெரியாத அலுமினிய உருளை எதையும் நான் வாங்குவதில்லை. ஒருமுறை சாக்கின் அடியில் அப்படி ஒன்று கிடந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு பொலிஸின் 119க்கு அழைத்தேன். கொண்டுவந்தது பதினைந்து வயதுப் பையன். அவனை ஏச மனம் வரவில்லை, உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன்.

நண்பருக்கு என் பதில் இப்போதும் 'வேண்டாம்'தான். அவருடைய பட்டறை மூன்று பக்கமும் சுவர் எழுப்பியது, நடுவில் வாகனம் திருத்தும் குழி. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் சத்தமில்லாமல் அந்தக் குழிக்குள் இறங்கித் தங்கும். எனக்கு நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டில் இருக்கிறது. என் உலையை நான் யாருக்கும் விற்கவும் போவதில்லை.

"அப்படியென்றால் முற்றத்தில் ஒரு கொட்டில் போடுகிறேன் அண்ணை" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வேலை தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுங்கள் என்றேன். நாடாவை அவிழ்த்து, பர்னர்க் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதிலிருந்து அவர் நிற்க வேண்டும்.