பூனைக்கு நகம் வெட்ட: துண்டா, தூக்கமா?

பூனைக்கு வழக்கமாக 18 நகங்கள். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நாலுநாலு. அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டி முடிக்க நினைக்கும்போதுதான் ரகளை ஆரம்பிக்கிறது.

எங்கள் சுக்குவிடம் (நிறத்தால் வந்த பெயர்) நான் முதலில் முயன்றது துண்டு முறை. பெரிய தேங்காய்ப்பூத் துண்டில் கழுத்துவரை சுருட்டி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெட்ட வேண்டும். ஒருவர் அணைத்துக்கொள்ள, இன்னொருவர் வெட்ட, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு இதில் ஒரு தைரியம் உண்டு. கீறல் விழும் வாய்ப்பு குறைவு. முதல் இரண்டு தடவை நன்றாகவே போனது. மூன்றாம் தடவை நான் கொடியிலிருந்து துண்டை உருவியதுமே சுக்கு பீரோ மேல் ஏறிவிட்டது. நான் குளிக்கக் கிளம்பியிருந்தேன், அவ்வளவுதான்.

தூக்க முறை இதற்கு நேர் எதிர். வயிறு நிறையச் சாப்பிட்டு, மதிய வெயில் விழும் ஜன்னலோரம் சுருண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார வேண்டும். முதல் வாரம் நகவெட்டியைத் தொடவே கூடாது. பாதத்தைக் கையில் எடுத்து, ஒரு விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் உறைக்குள்ளிருந்து நகம் வெளியே வரும். விட்டுவிட்டு, அவித்த மீனில் ஒரு துணுக்கு. காலை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பழகிய பிறகு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு நகம். முன்கால் பத்தும் முடிய ஒரு வாரம் ஆகும். மெதுவான வேலைதான். ஆனால் ஆள் துணை வேண்டாம், பூனைக்கும் நமக்கும் பகை வளராது. என் ஓட்டு இதற்கே.

இதில் ஒரு குறை உண்டு: எதை வெட்டினோம் என்பது மறந்துபோகும். அதிகம் தப்புவது முன்காலின் உள்பக்கம், சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம். அது தரையில் படாது, தேயவும் தேயாது. வயதான பூனைகளுக்கு அது வளைந்து வளர்ந்து பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்திவிடும். அப்படிக் குத்தியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் காலண்டரில் கோடு போட்டு வைக்கிறேன், அதுவும் கட்டைவிரலிலிருந்தே தொடங்கி.

கழுத்துத் தோலைப் பிடித்து அடக்குவதைச் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். தாய்ப்பூனை குட்டியைத் தூக்கும் விதம் அது. வளர்ந்த பூனைக்குப் பயமும் வலியும்தான் மிச்சம்.

சரி, எதால் வெட்டுவது? நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டி போதும், கூராக இருந்தால். அதைப் பிடிக்கும் விதத்தில்தான் சூட்சுமம்: பூனை நகம் பக்கவாட்டில் தட்டையானது. அதனால் பக்கங்களிலிருந்து நசுக்காமல், மேலும் கீழுமாகக் கடிக்கும்படி நகவெட்டியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நகம் பிளந்துபோகும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் சின்னக் கத்தரி இதைவிட வசதி. வாயில் அரைவட்டப் பள்ளம் இருப்பதால் நகம் நழுவாது. வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் கில்லட்டின் வகையில், அசைகிற பூனையின் நகத்தை நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேட்டரியில் ஓடும் அரம் நைசாகத் தேய்க்கும். ஆனால் மிக்ஸி சத்தத்துக்கே ஓடுகிற பூனையிடம் அதை நீட்டுவானேன்?

எந்தக் கருவியானாலும் வெட்டும் இடம் ஒன்றுதான். வெளிச்சத்தில் பார்த்தால் நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். ரத்தமும் நரம்பும் ஓடுகிற அதற்கு முன்னால், கொக்கிபோல் வளைந்த கண்ணாடி நுனியில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் போதும். கறுப்பு நகமென்றால் உள்ளே தெரியாது, நுனியோடு நிறுத்துங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அப்பிச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் மருத்துவர்.

பிராண்டும் பலகை வாங்கிவிட்டால் வெட்டவே வேண்டாமே என்பார்கள். சோபா தப்பும், உண்மை. ஆனால் பிராண்டும்போது உரிவது நகத்தின் மேல்தோடு. உள்ளிருந்து வருவது இன்னும் கூரான நகம். இரண்டும் வேண்டும். பின்கால் நகங்களைப் பல பூனைகள் தாமே கடித்துச் சரிசெய்துகொள்ளும், எப்போதாவது பார்த்தால் போதும்.

நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது அது. நியூயார்க் மாநிலம் 2019இல் அதைத் தடை செய்தது.

கடைசியாக உங்கள் கைக்கு ஒன்று: கீறல் விழுந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பூனைக்கு ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி போட்டிருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.