‘3,000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப்’ டென்ட்: சென்னையில் வாங்கப்போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

சென்னையில் ட்ரெக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் ஜூன் முதல் வாரம் இரண்டு பேர் படுக்கும் டென்ட் ஒன்று வாங்கினோம். விலை ரூ.8,400. ஜூலையில் இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய்க்கு ஐந்து நாள் நடைக்காக. பெட்டி மேல் அச்சடித்திருந்தது: ‘3,000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப், டபுள் லேயர், அலுமினியம் போல் (கம்பி), 4 சீசன்’. நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. மொட்டை மாடியில் விரித்துப் பார்த்ததால் தப்பித்தோம். கடை மீது புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. இதே சாமான் வேறு ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் இரண்டு கடைகளில் தொங்குவதைப் பார்த்தோம், அதனால்தான் இந்தப் பதிவு.

ஹம்ப்டாவைச் சொல்லக் காரணம் உண்டு. குல்லு பக்கம் பருவமழை கொட்டும். சுமார் 4,270 மீட்டரில் கணவாயைத் தாண்டி லாஹுல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பகுதி: வறண்ட காற்று, ராத்திரியில் கடுங்குளிர். கணவாய்க்கு முன் முகாம் போடும் சிக்காவிலும் பாலு கா கேராவிலும் மழையைத் தாங்குகிற அதே டென்ட், மறுநாள் கணவாய்க்கு அப்பால் ஷியாகோருவில் காற்றையும் தாங்க வேண்டும். நடுவில் போய் மாற்றிக்கொள்ள முடியாது. கொளுத்தும் வெயிலில் ஏலகிரி ரிசார்ட் புல்வெளியில் அடிக்கிற டென்ட்டை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் கம்பி. ‘அலுமினியம்’ என்றார்கள், சாம்பல் பெயின்ட் அடித்த ஃபைபர்கிளாஸ் வந்தது. கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்த நண்பர் ‘ஒட்டல, அலுமினியம்தான்’ என்று சொல்லிவிட்டார். ஃபைபர்கிளாஸிலும்தான் காந்தம் ஒட்டாது! பார்க்க வேண்டிய இடம் மூட்டு. ஃபைபர்கிளாஸ் கம்பியில் ஒவ்வொரு துண்டின் முனையிலும் கம்பியைவிடத் தடிமனாக ஓர் இரும்புக் குழாய் வெளியே மாட்டியிருக்கும். காந்தம் அங்கே ஒட்டும். அலுமினியத்தில் பெரும்பாலும் மெல்லிய குழல் உள்ளே செருகி, வெளிப்புறம் ஒரே சீராக இருக்கும். சந்தேகம் இருந்தால் எலாஸ்டிக் கயிறு போகும் முனையை உற்றுப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளையாக நார் நாராகத் தெரிந்தால் அது கண்ணாடி நார். விரலை வைத்துத் தேய்க்காதீர்கள், சிலாம்பு ஏறும்.

ஃபைபர்கிளாஸ் என்பதாலேயே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் கேம்ப்புக்கு அது போதும். காற்றில் வளைந்து வளைந்து நிமிரும்போது நீளவாக்கில் பிளக்கும், பிளந்த கம்பி ஃப்ளை துணியை (மழையைத் தடுக்கும் வெளிப் போர்வையை) கிழிக்கும், கிழிந்த இடத்தில் மழை இறங்கும் என்பதுதான் பிரச்சினை. 7001 அல்லது 7075 வகை அலுமினியம் முதலில் வளையும். வளைந்த இடத்தில் 10, 12 செ.மீ. நீள ரிப்பேர் குழாயை மாட்டி இரண்டு பக்கமும் டேப் சுற்றினால் மிச்ச நாட்களை ஓட்டிவிடலாம். அந்த ரிப்பேர் குழாய் பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்ததில் இல்லை. குடை மாதிரி ஒரே இழுப்பில் திறக்கிற ‘ஆட்டோமேட்டிக்’ டென்ட் வேண்டவே வேண்டாம். உச்சியில் உள்ள அந்த பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால் மலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது அந்த 3,000. துணியின் மேல் தண்ணீர்த் தூண் எத்தனை மி.மீ. உயரம் நின்றால் கசியத் தொடங்கும் என்பதுதான் இந்த எண். நல்ல நிறுவனங்களின் டென்ட் ஃப்ளையில் 1,200, 1,500 என்றுகூட இருக்கும், அதுவே மழையைத் தாங்கும். தரைத்துணிக்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் ஈரத்தரையில் முழங்கால் ஊன்றும்போது அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு. கடைக்காரர் காட்டிய எண் ஃப்ளைக்கா தரைக்கா என்று கேட்டோம். ‘முழுசுக்கும் சார்’ என்றார்.

எண் துணிக்கு மட்டும்தான், தையலுக்கு இல்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஃப்ளையின் உச்சித் தையலில் அங்குலத்துக்கு எட்டு ஓட்டை எண்ணினோம். நல்ல டென்ட்டில் இந்தத் தையல் மேல் உட்புறமாக இரண்டு செ.மீ. அகல ஒளி ஊடுருவும் பட்டை சூட்டில் ஒட்டியிருக்கும். அதுதான் சீம் டேப். ஃப்ளையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, பின்னாலிருந்து போன் டார்ச் அடியுங்கள். பட்டை இருந்தால் பளபளவென்று ஒரு கோடு தெரியும். இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்த மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். எங்களுடையதில் உச்சியில் மட்டும் ஒன்றரை அடிக்குப் பட்டை இருந்தது, காட்டுவதற்கு. கதவு ஜிப்பைச் சுற்றியும் கயிறு கட்டும் கொக்கிகளின் அடியிலும் ஒன்றுமே இல்லை. கடையில் எதைத் தூக்கிக் காட்டுகிறார்களோ அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: இரண்டு பக்கமும் சிலிகான் பூசிய துணியில் டேப் ஒட்டாது, அதற்கு வாங்குகிறவரே சிலிகான் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) பூசிக்கொள்ள வேண்டும். பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் துணிக்கு பியூ சீலர். மாற்றிப் பூசினால் உரிந்து வந்துவிடும்.

மூன்றாவதுதான் உண்மையான மோசடி. ஃப்ளையைப் பிரிக்கும்போதே மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பழைய ரெக்ஸின் சீட்டைப் பிரிக்கிற மாதிரி ‘பர்ர்’ என்று சத்தம். உள்பக்கம் பிசுபிசுப்பு, மூலைகளில் வெள்ளைப் பொடி, புளித்த மோர் வாடை. கடைக்குப் போன் செய்தால் ‘புது கோட்டிங் அப்படித்தான் இருக்கும் சார், ரெண்டு நாள் வெயில்ல போடுங்க’ என்று பதில். புது கோட்டிங் அப்படி இருக்காது. பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தோடு வினைபுரிந்து சிதைந்திருக்கிறது; சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். சென்னைக் கோடவுனில் சில வருஷம் மூட்டை கட்டிக் கிடந்தால் பயன்படுத்தாத டென்ட்டுக்கும் இந்த கதிதான். அங்கங்கே சீலர் பூசி இதைச் சரிசெய்ய முடியாது, முழுப் பூச்சுமே போய்விட்டது. வெயிலில் போட்டால் துணியும் சேர்ந்து வீணாகும். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரோ, தயாரித்த மாதம் வருஷமோ இல்லை. பொட்டலமிட்ட பொருள் விதிகளின்படி இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். கடையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

‘டபுள் லேயர்’ என்றது உச்சியில் ஒரு தொப்பி மட்டும். ஃப்ளை தரையிலிருந்து இரண்டடி மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே இன்னர் துணி (ஃப்ளைக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) வெட்டவெளியாக. சாய்வு மழையில் இது சாரல் அடிக்கும் ஜன்னல்தான். ஃப்ளை விளிம்பு தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் வர வேண்டும். தரைத்துணி தொட்டி மாதிரி நாலு பக்கமும் 10, 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். ஷூவும் ஈரப் பையும் வைக்கக் கதவுக்கு வெளியே ஃப்ளைக்குள் இடம் வேண்டும். மழைக்கால நடையில் இது ஆடம்பரம் இல்லை.

‘4 சீசன்’ என்றால் என்ன என்று கேட்டதற்குக் கிடைத்த விளக்கம்: ‘வெயில், மழை, பனி, காத்து, நாலும் தாங்கும்.’ உண்மையில் அது உறைபனிக்கும் பனிப்புயலுக்கும் செய்த கனமான டென்ட். ஜூலை ஹம்ப்டாவுக்குத் தேவை, வலைத்துணி இன்னரும் மேலே காற்று போக வழியும் உள்ள நல்ல 3 சீசன் (கடும் பனிக்காலம் தவிர மற்றவற்றுக்கான) டென்ட். காற்றோட்டம் இல்லாவிட்டால் இரண்டு பேர் மூச்சே விடியற்காலையில் ஃப்ளை உள்பக்கம் முத்து முத்தாய் நிற்கும். பலர் இதை ஒழுகல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தையலோரம் ஆரம்பித்து ஒரு கோடாக ஓடினால் ஒழுகல், துணி முழுக்கப் பரவலாக நின்றால் வியர்வை.

அளவும் பொய். பெட்டியில் 2.2 கிலோ, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் 3 கிலோ 150 கிராம். அகலம் 140 என்று போட்டது 128 செ.மீ.தான் இருந்தது. 60 செ.மீ. பாய் இரண்டு போட்டால் பக்கச் சுவர் தோளில் உரசும். ஆறடி ஆளுக்கு நீளம் 215 செ.மீ.யாவது வேண்டும், ஏனென்றால் சாய்ந்த துணி கால்மாட்டில் ஸ்லீப்பிங் பேக்கைத் தொட்டால் அந்த இடம் நனையும். மெல்லிய கம்பி பெக் (டென்ட்டைத் தரையில் பிடிக்க அடிக்கும் முளை) கல் தரையில் முதல் அடிக்கே வளையும். ஒய் வடிவ அலுமினிய பெக் பத்து தனியாக வாங்கிவிடுங்கள்.

எந்தக் கடையில் வாங்கினாலும் வாங்கிய மறுநாளே மாடியில் சோதியுங்கள். மாடியில் பெக் இறங்காது, கயிறுகளை 20 லிட்டர் தண்ணீர் கேனில் கட்டலாம். உள்ளே மூலைகளிலும் தையல்களின் நேர் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ஹோஸ் பைப்பில் ஷவர் தலை மாட்டி, மேலிருந்து இருபது நிமிஷம், பிறகு பக்கவாட்டில் தாழ்வாகப் பத்து நிமிஷம். நேராகப் பீய்ச்சினால் எந்த டென்ட்டும் தோற்கும், அது சோதனை ஆகாது. அடுத்து, தரைத்துணிக்கு அடியில் ஈரத்துண்டைப் போட்டு, உள்ளே முழங்கால் ஊன்றி ஐந்து நிமிஷம் இருங்கள். எங்கள் டென்ட்டில் நான்காம் நிமிஷமே உச்சித் தையலில் சொட்டியது. முழங்கால் வைத்த இடத்தில் பேன்ட் நனைந்தது. ஒன்று மட்டும் மாடியில் தெரியாது: சென்னைப் புழுக்கத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் குறைவு என்பதால் வியர்வை எவ்வளவு சேரும் என்று கணிக்க முடியாது. வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள்.

பில் விஷயத்தில் நாங்கள் செய்தது தப்பு. கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு, அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. யூபிஐயில் பணம் அனுப்பியதால் ஆதாரம் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவ்வளவுதான். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் ‘அலுமினியக் கம்பி, சீம் டேப் உள்ளது’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை; திருப்பித் தரும் கெடு எதுவும் பில்லில் குறிக்காவிட்டால் அது 30 நாள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

1915-இல் பதிவானதும் கடையிலிருந்து அழைப்பு வந்தது: பணம் தர மாட்டார்களாம், அதே விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாமாம். மறுத்துவிட்டோம். மணாலியில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே டார்ச் அடித்துப் பார்த்துத்தான் நடை கிளம்பினோம். ‘சீலர் பூசி ஒப்பேத்துங்களேன்’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். பூசினால் கடையின் குறை நம் கைவேலை ஆகிவிடும். அதனால் டென்ட், பிசுபிசுத்த ஃப்ளை, வளைந்த பெக், ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எல்லாம் அப்படியே மாடி அறையில் கிடக்கின்றன, விசாரணை முடியும் வரை.