இழந்த குழந்தைப் பருவம்: ‘பியானோ’வும் ‘ஃபெர்ன் ஹில்’லும்

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸின் ‘பியானோ’ என்ற கவிதை (1918) 12 அடிகளில் முடிந்துவிடுகிறது. வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் ‘ஃபெர்ன் ஹில்’ (1945) 54 அடிகளுக்கு விரிகிறது. ஏக்கம் ஒன்றே எனினும், சித்திரிக்கும் முறை முற்றிலும் வேறு.

அந்திப் பொழுதில் ஒரு பெண் பாடக் கேட்கும் லாரன்ஸின் மனத்தில், பியானோவின் அடியில் அமர்ந்து, தந்திகளின் அதிர்வுக்கு நடுவே, புன்னகையோடு பாடும் தாயின் சிறிய பாதங்களை அழுத்திப் பிடித்திருக்கும் குழந்தை எழுகிறது. வெளியே குளிர்காலம், உள்ளே ஞாயிறு மாலைத் துதிப்பாடல்கள்; விவரங்கள் இவ்வளவே. அந்தப் பாதங்களைத் தொடும் உணர்வே கவிதையைத் தாங்குகிறது என்பேன். நினைவை அவர் விரும்பி அழைக்கவுமில்லை. பாடல் அவரைப் பின்னோக்கி இழுத்துச் செல்ல, இறுதியில் குழந்தையாகவே அழுகிறார்.

தாமஸோ தம் சிறுவயது நினைவிலுள்ள வேல்ஸ் நாட்டுப் பண்ணை முழுவதையும் பச்சையிலும் பொன்னிலும் தோய்த்துவிடுகிறார். நெருப்புகூடப் புல்லின் பச்சையில் எரிகிறது. விடியலில் அப்பண்ணை, தோளில் சேவலுடன் பனியில் வெளுத்துத் திரும்பும் நாடோடியைப் போல வருகிறது. லாரன்ஸிடம் இல்லாத ஒன்று இங்குண்டு: சிறுவனின் ஆட்டங்களையெல்லாம் காலம்தான் அனுமதிக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுவதால், ஒவ்வொரு மகிழ்ச்சியான வருணனைக்குள்ளும் இழப்பு முன்கூட்டியே நுழைந்துவிடுகிறது. ஆயினும், சில பத்திகளில் வண்ணங்களின் மிகுதி ஏக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.