மூச்சுப் பரிசோதனைக்கு முன் கேட்கப்படாத இரண்டு கேள்விகள்

என் பெரியப்பாவுக்கு 1994 இல் வயிற்றுப்புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை செய்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றியிருந்தார்கள். அண்மையில் எரிவும் நோவும் திரும்பவே, ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் பக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, வெள்ளவத்தையிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

வரவேற்பிலும் உபசரிப்பிலும் குறை சொல்ல முடியாது. தமிழிலேயே பேசினார்கள், தந்த நேரத்துக்கே உள்ளே அழைத்தார்கள். இலக்கம் ஒட்டிய பை ஒன்றில் முதலில் ஊதவைத்து, காபன் 13 கொண்ட யூரியாக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, 30 நிமிடங்களின் பின் இரண்டாவது பையில் ஊதச் சொன்னார்கள். "இந்த வயசிலை என்னைப் பலூன் ஊத விட்டிட்டியளே, பிள்ளை" என்று பெரியப்பா சொன்னபோது அந்தத் தாதியும் சிரித்துவிட்டார்.

மறுநாளே அறிக்கை கிடைத்தது: கிருமி இல்லை. ஆனால் நோவு குறையவில்லை. பின்னர் வேறோரிடத்தில் உட்காட்டி (எண்டொஸ்கோப்) மூலம் இரைப்பையிலிருந்து எடுத்த இழையத்துண்டில் அதே கிருமி கண்டறியப்பட்டது.

இந்தப் பரிசோதனையின் அடிப்படை எளிமையானது. கிருமியிடமுள்ள யூரியேஸ் என்னும் நொதியம் யூரியாவைச் சிதைக்க, அதிலிருந்து வரும், காபன் 13 கொண்ட காபனீரொட்சைட்டு மூச்சில் வெளிப்படுகிறது; அதற்குக் கரைசல் இரைப்பையில் சற்று நேரம் தங்கியிருக்கவேண்டும். இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களில் அது விரைவாகச் சிறுகுடலுக்கு இறங்கிவிடுவதாலும், மேலேறி வரும் பித்தத்தினால் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும் என்பதாலும், "இல்லை" என்ற முடிவை அப்படியே நம்ப முடியாது. போதாததற்கு, பெரியப்பா அன்று காலையிலும் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையை விழுங்கியிருந்தார். அம்மருந்தை 2 வாரங்களுக்கு முன்பும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை 4 வாரங்களுக்கு முன்பும் நிறுத்தியிருக்கவேண்டும். பதிவு செய்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்டதோ வெறும் வயிற்றுடன் வரவேண்டும் என்பது மட்டுமே. வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் எவரும் கேட்கவில்லை. பரிசோதனையை எழுதித் தந்த வைத்தியருக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் நாளாந்தம் இதையே செய்யும் இடத்தில் அக்கேள்விகள் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கவேண்டாமா?

இப்போது 14 நாள் மருந்து முடிந்துவிட்டது. கிருமி ஒழிந்ததா என்பதை அதன்பின் குறைந்தது 4 வாரங்கள் கழித்தே பார்க்கலாம் என்பதால், மலத்தில் செய்யும் பரிசோதனை பற்றி அதே ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் விசாரித்தேன். பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒமெப்ரசோலை இதற்கும் நிறுத்தவேண்டுமா என்று நானாகக் கேட்டபோது, "அதை டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்று பதில் வந்தது.