ஆக்சஸ் ஃபைல் ரிப்பேர்னு 14,750 ரூபாய் போச்சு, நீங்க கட்டிடாதீங்க

கெட்டுப் போன ஃபைலை ரிப்பேர் பண்ணித் தரேன்னு காசு வாங்கின ஆள் நேத்து ராத்திரிதான் என் நம்பரை பிளாக் பண்ணான். ஆறினதுக்கப்புறம் எழுதலாம்னு பார்த்தேன், ஆற மாட்டேங்குது. ஆக்சஸ்ல, அதான் மைக்ரோசாஃப்ட்டோட டேட்டாபேஸ் புரோகிராம்ல, சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைக்கறவங்க இன்னும் நிறையப் பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் இது. டேட்டாபேஸ் கெடாம எப்படி வெச்சுக்கறது, கெட்டா என்ன பண்றதுன்னு கடைசியில வரிசையா எழுதறேன்.

திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட். ஆறு வருஷமா நான் எழுதின ஆக்சஸ் புரோகிராம்தான் ஓடுது. நூல் வரவு, துணி டெலிவரி, டி.சி. (டெலிவரி சலான்), பில் எல்லாம் அதுலதான். ஆபீஸ்ல மூணு சிஸ்டம், பேக் எண்ட் ஃபைல், அதாவது டேட்டா இருக்கற ஃபைல், ஒரு சிஸ்டத்துல ஷேர் பண்ணி வெச்சிருக்கோம். எல்லாமே கேபிள். ரெண்டு மாசம் முன்னாடி சூப்பர்வைசர் மெஷின் பக்கத்துலயே டி.சி. போடணும்னு ஒரு லேப்டாப்பை வைஃபையில சேர்த்துக்கிட்டார். வேண்டாம்னு சொன்னேன், அழுத்திச் சொல்லல.

8-ஆம் தேதி சாயங்காலம் ஓனர் போன் பண்ணார். "தம்பி, பில் ரிப்போர்ட் பாதியில நின்னுக்குது. ஆடிட்டர் உக்காந்திருக்கார், வாங்க." 11-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, அதான் விற்பனைக் கணக்கு ரிட்டர்ன், போடணும். போய்ப் பார்த்தா டி.சி. டேபிள் திறக்குது, மேல இருக்கற ரெக்கார்டெல்லாம் நல்லா இருக்கு. கீழ போகப் போக ஒரு இடத்துல ரிமார்க்ஸ் கட்டத்துல சீன எழுத்து மாதிரி வருது, அடுத்த வரியில எல்லாக் கட்டத்துலயும் எர்ரர். ஆக்சஸ்லயே இருக்கற 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' போட்டேன். எர்ரர் நம்பர் 3709, 'சர்ச் கீ' எந்த ரெக்கார்டுலயும் கிடைக்கலன்னு சொல்லி நின்னுடுச்சு. அந்த ரிமார்க்ஸ் லாங் டெக்ஸ்ட் ஃபீல்டு, நீளமா எழுதறதுக்கான கட்டம். அதுல எழுதறது வேற பக்கத்துல போய் உக்காரும், ரெக்கார்டுல அதுக்கு ஒரு சுட்டி மட்டும்தான் இருக்கும். எழுதிட்டிருக்கும்போது வைஃபை அறுந்தா முதல்ல அடி வாங்கறது அதுதான். 5-ஆம் தேதி சூப்பர்வைசர் டி.சி. போட்டுட்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிட்டுப் போயிருக்கார்.

பேக்கப் இருக்குன்னு நிம்மதியா D டிரைவைத் திறந்தேன். தினமும் ராத்திரி 9 மணிக்கு ஒரு பேட்ச் ஃபைல் காப்பி எடுக்கும், அதே பேர்ல, பழசு மேலயே. ஃபைல் கெட்டது 5-ஆம் தேதி. மூணு ராத்திரி கெட்ட ஃபைலை நல்ல ஃபைல் மேல ஏத்தி எழுதியிருக்கு. பென் டிரைவ்ல இருந்த காப்பி 23 நாள் பழசு. அந்த நேரத்துல வயிறு கலங்கினது எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து இன்டர்நெட்ல தேடினேன். டேட்டாபேஸ் ரெகவரி பண்ணித் தர்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ். ஃபைலை அனுப்புங்க, பிரிவியூ இலவசம், பார்த்துட்டுப் பணம் கட்டுங்கன்னு போட்டிருந்தான். சாட்டுல ரெண்டு வரி எழுதினதும் போன் வந்துச்சு. நல்ல தமிழ். "சார், டென்ஷன் ஆகாதீங்க. ஜிஎஸ்டி டைம்ல எங்களுக்கு இதே வேலைதான். காலையில உங்க கைல ஃபைல் இருக்கும்." அவ்வளவு பரிவா ஒருத்தன் பேசினா, ராத்திரி பத்து மணிக்கு, நம்ம நிலைமையில யார்தான் நம்ப மாட்டாங்க? ஃபைலை ஏத்தி லிங்க் கொடுத்தேன்.

இருபது நிமிஷத்துல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. டி.சி. டேபிள்ல இருபது வரி. பார்ட்டி பேர், லாட் நம்பர், எடை, ரிமார்க்ஸ்ல "180 ஜிஎஸ்எம், ரெண்டாவது ரோல் ஹோல்ஸ்" வரைக்கும் தெளிவா இருந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. 12,500 ரூபாய், 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 2,250, ஆக 14,750. என் போன்லயே யுபிஐ-யில அனுப்பிட்டேன். ஓனர் கிட்ட வாங்கல, என் பொறுப்புன்னு நினைச்சேன். அந்த யூனிட்ல எனக்கு வருஷ ஏஎம்சியே, அதான் பராமரிப்புக் காசே, 18,000தான்.

இப்போ யோசிச்சா பத்திக்கிட்டு வருது. அவன் காட்டின இருபது வரியும் டேபிளோட மேல் வரிசை. அது கெடவே இல்ல. டபுள் கிளிக் பண்ணா என் சிஸ்டத்துலயே தெரிஞ்ச வரிகள். கெட்டுப் போகாததைக் காட்டி, மீட்டுட்டேன்னு சொல்லிக் காசு வாங்கியிருக்கான். கெட்ட இடத்துக்குப் பக்கத்துல இருக்கற வரியைக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா 14,750 என் அக்கவுண்ட்லயே இருந்திருக்கும்.

காலையில ஃபைல் வந்துச்சு. ரெக்கார்டு எண்ணிக்கை சரியா இருந்துச்சு. கீழ போய்ப் பார்த்தேன். 5-ஆம் தேதியிலிருந்து இருக்கற டி.சி. எல்லாத்துலயும் தேதி 30-12-1899. எடை 0. ரிமார்க்ஸ் காலி. ஆக்சஸ் தேதியை ஒரு எண்ணாத்தான் வெச்சிருக்கும், பூஜ்யம்னா அது 1899 டிசம்பர் 30. அதாவது அவன் எதையும் மீட்கல, எண்ணிக்கை சரியா வரட்டும்னு வெறும் வரிகளைப் போட்டு நிரப்பியிருக்கான்.

போன் பண்ணேன். "அது ஃபார்மேட் பிரச்சினை சார், கன்ட்ரோல் பேனல்ல ரீஜன் செட்டிங்கை மாத்திப் பாருங்க." எடை ஏன் பூஜ்யம்னு கேட்டேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பறேன், நாலு மணி நேரம் கொடுங்க." நாலு மணி நேரம் கழிச்சு வேற ஒருத்தர் பேசினார், பழைய கதையை முதல்லேர்ந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சாயங்காலம் மூணாவது ஆள். "சிவியர் கரப்ஷன் சார், அட்வான்ஸ்டு ரெகவரிக்குப் போகணும், இன்னும் 9,000 ஆகும்." பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னேன். ஃபைல் டெலிவரி ஆனா ரீஃபண்ட் கிடையாதுன்னு கண்டிஷன்ல இருக்காம். சரி, 2,250 ஜிஎஸ்டி வாங்கினியே, அதுக்காவது பில் கொடுன்னு கேட்டேன். ஒரு படம் அனுப்பினான், ஜிஎஸ்டி நம்பரே இல்லாத ரசீது. அதைக் கேட்டதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல ஒத்தை டிக்தான். 14,750 ரூபாய் அவன் கிட்ட. ஆறு வருஷ பார்ட்டி லிஸ்ட், போன் நம்பர், ரேட், பேங்க் விவரம் எல்லாமும் அவன் கிட்ட. பணத்தை விட இதுதான் என்னைத் தூங்க விடல. ஓனர் கிட்ட சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் திட்டல, கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். திட்டியிருந்தாத் தேவலாம்.

வேலை முடிஞ்சது எப்படின்னா, 10-ஆம் தேதி ராத்திரி ஆக்சஸ் 97 காலத்துலேர்ந்து இதுலயே இருக்கற ஒரு அண்ணனுக்குப் போன் பண்ணேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபைல் திறக்குதாடா? அப்புறம் எதுக்குடா காசு?" புதுசா ஒரு காலி டேட்டாபேஸ் திறக்கச் சொன்னார். மத்த டேபிளெல்லாம் அப்படியே இம்போர்ட் ஆயிடுச்சு. டி.சி. டேபிளை மட்டும் 'டெஃபனிஷன் ஒன்லி'ன்னு, அமைப்பை மட்டும் இம்போர்ட் பண்ணினேன். பழைய ஃபைல்ல இருக்கற டேபிளை லிங்க் பண்ணி, ஐடி வரிசைப்படி அப்பெண்ட் குவெரி, அதாவது அதுலேர்ந்து ரெக்கார்டை எடுத்துப் புது டேபிள்ல சேர்க்கறது. கெட்ட இடத்துக்கு முன்னாடி வரைக்கும் ஒரு தடவை, அதைத் தாண்டி ஒரு தடவை. எர்ரர் வந்தா இன்னும் பத்து ரெக்கார்டு தள்ளி ஆரம்பின்னார், அப்படியே சுருக்கிக்கிட்டே போனேன். கடைசியில வராதது 7 ரெக்கார்டு. ஏழும் டி.சி. புக்குல கார்பன் காப்பியா இருந்துச்சு, பார்த்து அடிச்சோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அவன் பூஜ்யம் போட்ட எடையெல்லாம் அப்படியே நல்லா உள்ளதான் இருந்திருக்கு. 11-ஆம் தேதி மத்தியானம் ரிட்டர்ன் போட்டாச்சு.

1930 சைபர் கிரைம் ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன், 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் சொல்லியிருக்கேன். பார்ப்போம்.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இப்போ முடியல. அவசரத்துக்கு இது மட்டும்.

ரிப்பேருக்கு முன்னாடி, கெட்ட ஃபைலா இருந்தாலும் ஒரு காப்பி எடுத்துத் தனியா வைங்க. பேக்கப் ஃபைல் பேர்ல தேதி இருக்கணும், பழசு மேல எழுதவே கூடாது. வாரத்துக்கு ஒரு நாளாவது பேக்கப்பைத் திறந்து கடைசி ரெக்கார்டு வரைக்கும் போய்ப் பாருங்க. ஃபிரண்ட் எண்ட், அதாவது ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் இருக்கற ஃபைல், ஒவ்வொரு சிஸ்டத்துலயும் தனித்தனியா, பேக் எண்ட் ஒரே இடத்துல, நடுவுல கேபிள். வைஃபை வேண்டவே வேண்டாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி சிங்க் ஆகற ஃபோல்டர்ல பேக் எண்டை வைக்காதீங்க. ஃபைல் 2 ஜிபி-யைத் தொட விடாதீங்க, அதுதான் எல்லை. ஏசிசிடிஈ, அதான் கோடு தெரியாதபடி பூட்டின ஃபைல், கொடுக்கறவங்க ஒரிஜினல் ஏசிசிடிபி-யைப் பத்திரமா வைங்க, ஏசிசிடிஈ-லேர்ந்து கோடு திரும்ப வராது.

இன்னொண்ணு, 'கரப்ட்'னு மெசேஜ் வந்தாலே ஃபைல் போச்சுன்னு அர்த்தம் இல்ல. 2019 நவம்பர்ல ஒரு ஆபீஸ் அப்டேட்டுக்கு அப்புறம் அப்டேட் குவெரி ஓட்டினா எர்ரர் நம்பர் 3340, 'குவெரி இஸ் கரப்ட்'னு வந்துச்சு. டேட்டால ஒரு குறையும் இல்ல, கோளாறு அந்த அப்டேட்லதான். மைக்ரோசாஃப்ட்டே சரி பண்ணிக் கொடுத்துச்சு. இந்த மாதிரி நேரத்துல பயந்து எவன் கிட்டயும் ஃபைலை அனுப்பிடாதீங்க.

யூனிட்ல கேபிள் இழுக்க ஆள் வந்து நிக்கறார், ஓனர் கூப்பிடறார். கிளம்பறேன்.