ஊசி முனை தங்கம், பிடிதான் பிசுக்கு: ஐந்து கிறிஸ்துமஸுக்குப் பிறகு

போன ஞாயிறு பினாங்கு ரோடு சவேரியார் ஆலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது, பாடகர் குழுவில் பாடும் தங்கச்சி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே குரோஷே செட்தானே இது? 68 வெள்ளி இருந்தது, டிசம்பர் 12 ஆன்லைன் சேல்ல 29 வெள்ளிக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?"

அதே செட்தான். குரோஷே என்றால் கொக்கி வைத்த ஊசியால் நூலைப் பின்னுவது. 2 மில்லிமீட்டரிலிருந்து 6 வரை ஒன்பது ஊசிகள், ஆளுக்கொரு நிறத்தில் ரப்பர் பிடி, ஜிப் வைத்த உறை. நின்ற இடத்தில் ஆம், இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2021 நவம்பரில் வாங்கினேன். இது ஐந்தாவது கிறிஸ்துமஸ். தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் நூலைக் கையில் எடுத்தால், கேரல் பாட வீடு வீடாகப் போகும் நாள் வரை கீழே வைக்க மாட்டேன். மணி, நட்சத்திரம், பனித்துகள், உள்ளங்கை அளவில் சம்மனசு, அதாவது தேவதூதர் பொம்மை. மரத்தில் தொங்குவது கொஞ்சம், பரிசாகப் போவதுதான் அதிகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. அந்த முனை. நான் பின்னுவது பெரும்பாலும் மில்க் காட்டன், பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் இழைகள் தளர்வாக முறுக்கப்பட்டிருக்கும். கொக்கி கொஞ்சம் கூராக இருந்தாலும் நூலின் நடுவில் குத்தி இரண்டாகப் பிளந்துவிடும். இந்தச் செட்டின் 2.5 ஊசிக்கு மூக்கு உருண்டை, கழுத்து வழவழப்பு. நூல் தானாக ஏறி, தானாக இறங்கும். சம்மனசின் தலையைப் பின்னும்போது மேஜிக் ரிங் என்கிற தொடக்க நூல் வளையத்தில் ஆறு கண்ணி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு என்று சிங்கிள் குரோஷே என்கிற குட்டைக் கண்ணியிலேயே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ணி இறுக்கமாக விழுந்தால்தான் உள்ளே அடைத்த பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. எத்தனையோ ஊசி பார்த்துவிட்டேன், இவ்வளவு இறுக்கத்திலும் இவ்வளவு சுலபமாக நுழைகிற முனை இதுதான்.

அம்மாவின் ஊசி இன்னும் வீட்டில் இருக்கிறது. லைட் ஸ்திரீட் கான்வென்ட்டில் படித்த காலத்தில் வாங்கிய எஃகு ஊசி. மெல்லிய லேஸ் நூலுக்கு மட்டும்தான் ஆகும், என் நூல் அதன் கொக்கியில் உட்காராது. (அம்மா கற்றது பிரிட்டிஷ் முறை. அவர் 'டபுள்' என்று சொல்லும் கண்ணி இப்போதைய அமெரிக்க முறையில் 'சிங்கிள்'. இது தெரியாமல் முதல் வருடம் நான் ஒரு நட்சத்திரத்தை மூன்று தடவை அவிழ்த்தேன்.) அம்மாவின் ஊசிக்குப் பிடி கிடையாது, மெல்லிய கம்பி. பத்து நிமிடத்தில் கட்டைவிரல் மூட்டு வலிக்கும். புதுச் செட்டின் ரப்பர் பிடி அந்த வலியைப் போக்கியது. ஒரே உட்காரலில் ஒரு சம்மனசை முடித்தேன், கை நோகவில்லை. அந்தச் சந்தோஷத்தை மறக்க முடியாது.

இப்போது பிடிக்கு வருகிறேன்.

மூன்றாவது வருடம் நவம்பரில் உறையைத் திறந்தபோது ஊசிகள் துணியோடு ஒட்டியிருந்தன. இழுத்தேன், 'பர்ர்' என்று பிரிந்து வந்தது. பிடியைத் தொட்டால் பாதி உலர்ந்த பலாப்பால் மாதிரி ஒட்டியது. கை வியர்வை என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு நாள் தாங்கியது. ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், ரப்பரின் நிறம் பஞ்சில் வந்தது. டால்கம் பவுடர் பூசினேன், அது நூலுக்குள் போய் அடைந்தது.

கடைக்கு எழுதினேன். பயன்படுத்தினால் தேய்வது இயல்புதான் என்று பதில் வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். நான் பயன்படுத்துவது 2.5, 3 இரண்டு மட்டும். மீதி ஏழு ஊசிகள் வாங்கிய நாளிலிருந்து உறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அந்த ஏழும் அதே மாதிரி ஒட்டுகின்றன! என் கை படாத ஊசி எப்படித் தேயும்?

காரணம் ரப்பர்தான். மெத்தென்று இருப்பதற்காக இந்த மாதிரிப் பிடிகளில் எண்ணெய் மாதிரியான ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். நாளாக ஆக அது கசிந்து மேலே வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ரப்பரே சிதையும். பினாங்கில் இரண்டுக்கும் குறைவில்லை. பழைய குடையின் கைப்பிடி ஒட்டுவதையும், அலமாரியில் பத்திரமாக வைத்த காலணியின் அடிப்பாகம் பொலபொலவென்று உதிர்வதையும் பார்க்காத வீடு இங்கே உண்டா? குளிர்நாட்டில் பல வருடம் நிற்கிற பொருள் இங்கே மூன்றில் போய்விடுகிறது. இங்கே விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பனித்துகளிலும் இந்த ஊர்க் காற்று தன் வேலையைக் காட்டியது. அம்மா சொன்னபடி கஞ்சி போட்டு விறைப்பாக்கினேன். இரண்டு மழை நாளில் ஆறு முனையும் வாடிய கீரை மாதிரி தொங்கின. சர்க்கரைப் பாகில் முக்கினேன், மரம் முழுக்க எறும்பு வரிசை. வெள்ளைப் பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்து, நனைத்து, பிளாஸ்டிக் தாளில் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் நிற்கிறது. ஊசியோ, அலங்காரமோ, இந்த ஊர் ஈரத்தைத் தாங்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

போன மாதம் நடந்ததைச் சொன்னால்தான் என் மனசு புரியும். எங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இது முதல் கிறிஸ்துமஸ். அதற்காக வெள்ளை நூலில் சம்மனசு பின்னினேன். தலை, உடல், பாவாடையின் கடைசிச் சுற்று. விளக்கடியில் தூக்கிப் பார்த்தால் மார்பு நெடுக ஒரு சாம்பல் தீற்றல். பிடியின் பிசுக்கு விரலில் ஏறி, விரலிலிருந்து நூலில் ஏறியிருக்கிறது. சோப்பில் ஊறவைத்தும் போகவில்லை. ஒன்றரை மணி நேர வேலை. அதை எடுத்துப் பிரித்துவிட்டேன். குழந்தைக்கு அழுக்குச் சம்மனசைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு இரவே பிளேடால் இரண்டு ஊசிகளின் ரப்பரையும் சீவி எடுத்தேன். உள்ளே மெல்லிய அலுமினியத் தண்டு. என் தம்பி பூப்பந்து விளையாடுகிறவன். மட்டையின் பிடியில் சுற்றுகிற துவாலைத் துணி கிரிப்பை நீளவாக்கில் பாதியாக வெட்டி, அவனே சுற்றிக் கொடுத்தான். ஐந்து வெள்ளிக்கும் குறைவான செலவு. வியர்வையை உறிஞ்சுகிறது, ஒட்டவில்லை, மூட்டும் வலிக்கவில்லை. குழந்தையின் சம்மனசை மறுபடியும் இந்த ஊசியில்தான் பின்னினேன், தும்பை மாதிரி வெள்ளையாக வந்திருக்கிறது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். 29 வெள்ளிக்கும் வேண்டாம். அந்த முனைக்கு இணை இல்லை என்று மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கடைக்கு இன்னொரு காசு போவதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

தங்கச்சி, வரும் ஞாயிறு பூசைக்கு என் 2.5-ஐக் கொண்டு வருகிறேன், கிறிஸ்துமஸ் முடியும் வரை நீயே வைத்துக்கொள். எனக்கு இனிமேல் பனித்துகள்தான் பாக்கி, அதற்கு 3 போதும். கிரிப் துணி அவிழ்ந்தால் நுனியில் இரண்டு தையல் போடு, பசை மட்டும் தடவாதே.