நாற்பதில் போனால் பேச்சு கேட்கும்: ஒரு 125 சிசி ஸ்கூட்டர், இரண்டு சீட்டு அனுபவம்

ஸ்கூட்டர் விமர்சனங்களில் பெரும்பாலானவை முன்சீட்டுக்காரர் எழுதியவை. பிக்கப் எப்படி, மைலேஜ் எவ்வளவு, மீட்டர் எல்இடியா இல்லையா. பின்சீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு இடுப்பு என்ன ஆனது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரரும் ஓட்டுவார், நானும் ஓட்டுவேன். எங்காவது கிளம்பினால் போகும்போது ஒருவர், வரும்போது மற்றவர். அதனால் இரண்டு சீட்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி, கியர் இல்லாத 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர். பிஎஸ்-6, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். 2021-இல் சேலத்தில் எடுத்தது. மீட்டர் இப்போது முப்பதாயிரத்தை நெருங்குகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ரக வண்டிகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

அவருக்கு முதலில் புல்லட் மேல்தான் கண். ஷோரூம் வரை போய் உட்கார்ந்து போட்டோவும் எடுத்தாயிற்று. "வாங்கறதுதான் வாங்கறீங்க, ரெண்டு பேரும் ஓட்டற மாதிரி ஒண்ணா வாங்குங்க" என்று அத்தை சொன்னதில் கதை மாறியது. நல்ல மாமியார் வாய்த்ததில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

அத்தை நல்லவர்தான், ஆனால் வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு ரூம், நடுவில் டிவி. புதிதாகக் கல்யாணமானவர்கள் சம்பளம், சண்டை, சொந்தக்காரர், அடுத்த வருடத் திட்டம் என்று பேச வேண்டியதையெல்லாம் அந்த ஹாலில் பேச முடியாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்" என்று கிளம்பினால் அஸ்தம்பட்டி, நாலு ரோடு, ஐந்து ரோடு என்று சுற்றி வருவதற்குள் பாதி விஷயம் முடிந்துவிடும். இந்த வண்டியை நாங்கள் எதற்கு அதிகம் பயன்படுத்துகிறோம் என்று கேட்டால், உண்மையான பதில் அதுதான். ஆபீஸ் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே எங்கள் முதல் அளவுகோல், பேச்சு கேட்கிறதா என்பது. ஹெல்மெட் இரண்டு பேருக்கும் உண்டு; பின்னால் உட்கார்பவர் போடாவிட்டாலும் தமிழ்நாட்டில் ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டு பேரும் முழு முக ஹெல்மெட் போட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நாற்பதில் போனால் சாதாரணக் குரலில் பேசலாம். ஐம்பதில் "என்னது?" ஆரம்பிக்கும். அறுபதில் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். எஞ்சின் சத்தம் இதில் பிரச்சினையே இல்லை, காற்றுதான். எழுபத்தைந்து வரை வண்டி தாராளமாகப் போகும் என்று அவர் சொல்கிறார். போகட்டும், பின்சீட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஹெல்மெட் விஷயத்தில் இன்னொன்று. முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னவர் ஹெல்மெட் முன்னவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். பிரேக் எவ்வளவு பதமாகப் பிடிக்கிறோம் என்பதற்கு அந்தச் சத்தம்தான் மார்க். அவருக்கு ஆரம்பத்தில் நிறைய டொக். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து சிபிஎஸ், அதாவது இரண்டு சக்கர பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு, கட்டாயம் என்பதால் இடது கை பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். இடது கையை மட்டும் மெதுவாக அழுத்தி, கடைசியில் வலது கையைச் சேர்த்தால் டொக் வராது.

வீட்டு உபயோகத்தில் இந்த வண்டியை அடிக்க ஆளில்லை, காரணம் கால் வைக்கும் பலகை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் அதில் அப்படியே நிற்கும். ஞாயிறு காலை சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய காய்கறிப் பையும் அங்கேதான். முன்னால் இருக்கும் கொக்கியில் மட்டும் கனமான பையை மாட்டாதீர்கள். மாம்பழ சீசனில் மல்கோவா பையை மாட்டிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது முட்டியில் வந்து மோதும். பழத்துக்கும் கேடு, முட்டிக்கும் கேடு.

சீட்டுக்கு அடியில் இடம் பெரியதுதான், ஆனால் அடியிலேயே எஞ்சின். மல்லிகைப்பூவை வாங்கி உள்ளே போட்டால் வீடு வருவதற்குள் பழுப்பேறிவிடும். பால் பாக்கெட்டும் தயிரும்கூட அங்கே வேண்டாம். எங்கள் முழு முக ஹெல்மெட் அதில் அடங்காது. முகம் திறந்த பாதி ஹெல்மெட் என்றால் ஒன்று அடங்கும்.

வண்டியில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் வசதியையும் சொல்ல வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டு, சீட்டில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, நடுவில் தட்டுவடை செட் தட்டு. சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காக: சின்ன தட்டை ஒன்று, அதன் மேல் பச்சை சட்னி, சிவப்பு சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டை. முழுதாக வாய்க்குள் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சீட்டில் விழும், பீட்ரூட் கறை போகாது. எங்கள் சீட் கவரில் அதற்குச் சான்று இருக்கிறது.

இனி வாரக்கடைசி. மேட்டூர், ஓமலூர் மேச்சேரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் வாக்கில். அணை 1934-இல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தாலே பதினாறு கண் மதகில் தண்ணீர் போவதைப் பார்க்கப் பாதி சேலமும் கிளம்பிவிடும். பூங்கா பக்கத்துக் கடையில் நாமே மீனைக் காட்டி, மசாலா தடவச் சொல்லி, வறுத்து வாங்கலாம். இந்தத் தூரத்துக்குப் பின்சீட் முப்பது கிலோமீட்டர் வரை சுகம். அதற்கு மேல் நுரை அமுங்கி அடிப்பலகை தெரிய ஆரம்பிக்கும். பின்சக்கரம் பத்து அங்குலம்தான், ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு வரும். மேச்சேரி போன்ற ஏதாவது ஊரில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போவது இதனால்தான், டீக்காக இல்லை.

பூலாம்பட்டி எனக்கு மேட்டூரைவிடப் பிடிக்கும். எடப்பாடி தாண்டி, கதவணை தேக்கிய காவிரி அங்கே அகலமாக, அசையாமல் நிற்கும். ஆற்றைக் கடந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு உண்டு. ஆட்களோடு டூவீலரையும் ஏற்றிக்கொள்வார்கள். படகில் வண்டியை ஏற்றும்போது எடை குறைவான ஸ்கூட்டரின் அருமை தெரியும். பக்கத்தில் ஒருவர் புல்லட்டை ஏற்ற மூன்று பேரைக் கூப்பிட்டார். அவரை என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே பார்க்காத மாதிரி நின்றிருந்தார்.

ஏற்காடுதான் உண்மையான பரீட்சை. சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு வண்டி முனகும், முப்பது முப்பத்தைந்தில் போகும், ஆனால் ஒருமுறைகூட நின்றதில்லை. 110 சிசி வைத்திருக்கும் நண்பர்கள் வளைவில் திணறுவதைப் பார்த்திருக்கிறோம். கூடுதல் பதினைந்து சிசிக்குக் கொடுத்த பணம் இங்கே வசூலாகிறது.

சிக்கல் இறங்கும்போதுதான். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி இறங்கலாம். ஸ்கூட்டரில் இருப்பது சிவிடி, பெல்ட் மூலம் தானாக மாறிக்கொள்ளும் கியர். ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாகக் கழன்று, வண்டி சும்மா உருள ஆரம்பிக்கும். அப்போது முழுப் பாரமும் பிரேக் மேல்தான். அதனால் நேரான இடங்களில் இருபது இருபத்தைந்துக்குக் கீழே விடாமல், எஞ்சின் பிடிப்பு இருக்கும்படி இறங்க வேண்டும்; பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் பிடித்துப் பிடித்து விட வேண்டும். டிரம் சூடேறினால் கருகிய வாசனை முதலில் பின்சீட்டுக்குத்தான் வரும். நான் தோளைத் தட்டினால் அவர் ஓரம் கட்ட வேண்டும், அவர் தட்டினால் நான். பத்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும். சூட்டோடு டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு இறங்குபவர்களை இன்றும் அந்த ரோட்டில் பார்க்கிறேன். அவர்கள் பின்சீட்டில் குழந்தையும் இருக்கும். வயிறு கலங்கும்.

குப்பனூர் வழி இன்னொரு ரோடு உண்டு. கூட்டம் குறைவு, ரோடும் குறுகல். மழை நாளில் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

கொல்லிமலைக்கும் ஒருமுறை எடுத்துப் போனோம். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு. போய் வந்துவிட்டது வண்டி, மறுக்கவில்லை. ஆனால் சேலத்திலிருந்து அடிவாரம் வரவே பின்சீட் களைத்துப்போகும், அதன் பிறகு எழுபது வளைவு, அதன் பிறகு ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி. அடுத்த முறை பஸ் என்று அன்று இரவே முடிவானது.

செலவுக் கணக்கு சுருக்கமாக. ஊருக்குள் லிட்டருக்கு 45 முதல் 48, இரண்டு பேர் மலை ஏறினால் 40. டேங்க் ஐந்து லிட்டர்தான். இரண்டு பேர் போகும்போது பின் டயரில் 36 காற்று கட்டாயம். குறைந்தால் வளைவில் வண்டி நெளியும். கிளம்பும்போது வண்டி உதறினால் பெல்ட், ரோலர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு 25,000 கிலோமீட்டர் தாண்டி இரண்டையும் மாற்றியது. முதலில் போன சர்வீஸ் சென்டரில் அந்த உதறலுக்குக் கழுவி, ஆயில் மாற்றி, பில் மட்டும் தடிமனாகக் கொடுத்தார்கள். தெருமுனை மெக்கானிக் கவரைக் கழற்றி, பெல்ட்டில் இருந்த வெடிப்பை விரலால் மடக்கிக் காட்டினார். அப்போதிலிருந்து அவரிடம்தான்.

இப்போது வாங்குவதாக இருந்தால் முன்பக்கம் டிஸ்க் உள்ள மாடலைத்தான் எடுப்பேன். மலைப்பக்கம் போகிறவர்கள் அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். டெஸ்ட் ரைடுக்குப் பின்னால் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஷோரூம்காரர் வழவழப்பான மெயின் ரோட்டைத்தான் காட்டுவார். வேகத்தடை நிறைய உள்ள ஒரு தெருவுக்குள் திருப்புங்கள், திரும்பி வரும்போது இடம் மாறி உட்காருங்கள்.